பழைய காரும் பொய் டிக்கும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, 'இளைஞனே எழுந்திரு' என்று ஒரு கட்டுரை எழுதலாமா என்று யோசித்தேன். அதே தலைப்பில் ஏற்கெனவே மூன்று பேர் கொடுத்துவிட்டார்களாம்! சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது கார். அதிலும் பழைய கார். அதில் நான் செய்த ஒரு தப்பு. படித்துவிட்டு என்னைத் திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். லாரிக்குப் பேர் போன பூமி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு சம்பந்தப்பட்டிருப்பார். என் அப்பா டிரைவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அம்மா பள்ளிக்கூடப் படியையே மிதிக்காதவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கிடைத்தது என்று நான் துள்ளிக் குதித்தபோது அப்பா சிரிக்கவில்லை.

"வண்டிய வுட்டுத் தப்பிச்சுக்கட்டும்னுதானே கண்ணு உன்னப் படிக்க வெச்சேன்? நீ மறுக்காவும் வண்டிகிட்டயே வர்றியே!" என்றார்.

"நான் ஓட்டப் போறதில்லைப்பா. டிசைன் பண்ணப் போறேன்" என்றேன் பெருமையாக.

முதல் வருடம் முழுக்க எனக்கு அந்தப் பெருமைதான். லீவில் ஊருக்குப் போனால், விடியற்காலையில் அப்பா லாரியைச் சுற்றி வருவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன். டயரைக் கட்டையால் தட்டி சத்தம் கேட்பார். குனிந்து தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். டியூப் லைனை விரலால் தடவிப் பார்ப்பார். 'அனுபவ அறிவு மட்டும் போதாது, தியரி வேண்டும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

இரண்டாம் வருடம் கோவையில் எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். அங்கே ஹெல்ப்பராக ஒருவன் இருந்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவன், எட்டாவதோடு நின்றவன். மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றது. 1968-ஆம் வருட ஃபியட் 1100.

அந்தக் காரின் சொந்தக்காரரை நாங்கள் 'ஐயா' என்போம். நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பணக்காரர் இல்லை. நான்கு வருடம் ஷெட்டில் அசையாமல் கிடந்த காரை வாங்கி, பென்ஷன் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வந்தார். எதற்கு? ரேஸ் ஓட்ட!

"இந்தக் கட்டை வண்டியிலயா ரேஸு?" என்று நான் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கதை சொன்னார்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடம் பந்தயம் நடத்தியது. ஐயா அப்ரண்டிஸ் பையனாக இருந்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். வெளிநாட்டு ரேஸ் கார்கள் ஒரு பக்கம் என்றால், சாதாரண ஃபியட்டும் ஹெரால்டும் இன்னொரு பக்கம். வாரம் முழுக்க ஆபீசுக்குப் போன கார், பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நிற்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. நம் கோவையும் இதில் சளைத்ததில்லை. கோவைக்காரரான கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரே செய்து காட்டியவர். அவர் 1995-இல் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய கார் என்று சும்மா சொல்லிவிட முடியாது நண்பர்களே, அதற்கும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 1934-இல் தொடங்கிய 'விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்' கணக்குப்படி, 1930-க்குள் செய்த காருக்குத்தான் 'விண்டேஜ்' பட்டம். உறுப்பினர்களே சொந்தக் காரைத் தட்டிக் கொட்டி, தாங்களே ஓட்டுவார்கள். நம் நாட்டில் 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கும் காரையும் டூவீலரையும் விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். அப்படிப் பதிந்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இதற்கெல்லாம் மட்டும் ரோட்டில் எடுக்கலாம்.

ஐயாவின் ஃபியட் 1089 சி.சி., நான்கு சிலிண்டர். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். பிற்பாடு 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் மாறியது இந்தக் குடும்பம்தான். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றன.

ஐயாவைப் போல ஆறு பேர் சேர்ந்து, பக்கத்தில் ஒரு தடத்தை ஒருநாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இரண்டு ஃபியட், ஒரு ஹெரால்டு, ஒரு மோரிஸ் மைனர், இரண்டு அம்பாசடர். ஐந்து சுற்றுப் பந்தயம். பரிசுப் பணம் கிடையாது. ஒரு எவர்சில்வர் கோப்பை, மத்தியானம் எல்லோருக்கும் தயிர் சாதம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு பெரியவர்களும் பத்து வயசுப் பையன்கள் மாதிரி தூங்காமல் இருந்தார்கள்.

பந்தயத்துக்கு முன் வாரம் பட்டறையில் திருவிழாதான். புத்தகத்தில் படமாகப் பார்த்ததை எல்லாம் கையால் தொட்டேன். எஞ்சின் ஆயில் மாற்றினோம். பிளக்கைக் கழற்றித் துடைத்து 0.6 மி.மீ. இடைவெளி வைத்தோம். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் போட்டு 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில் வைத்தோம். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். ஹெல்ப்பர் நான்கு டிரம்மையும் கழற்றி ஷூவை அட்ஜஸ்ட் செய்தான். "ஃபயரிங் ஆர்டர் ஒன்னு, மூணு, நாலு, ரெண்டு" என்று நான் சொன்னதும் மேஸ்திரி அண்ணன், "பரவால்லயே, படிச்சவன் படிச்சவன்தான்!" என்றார். தலை கனத்தது.

ஐயா மில்லில் பழகிய மனிதர் அல்லவா? ஒரு அட்டையில் 14 வேலைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். செய்து முடித்தவர் எதிரே டிக் போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும். "எஞ்சின் ரெண்டாம்பட்சம் தம்பி. நிக்கும்னு நம்பிக்கை இருந்தாத்தான் எவனும் வேகமாப் போவான்" என்பார். பன்னிரண்டாவது வேலை: 'பிரேக் ஆயில் மாற்றி, நான்கு சக்கரமும் ஏர் எடுத்தல்'. அது என் வேலை.

மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்காக ஒரு வரி. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, டியூப் வழியாகப் பழைய ஆயிலையும் காற்றையும் பாட்டிலில் பிடிப்பதுதான் ஏர் எடுப்பது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. ஹெல்ப்பர் மிதித்தான், நான் கீழே படுத்தேன். பின்னால் இடது, வலது முடிந்தது. முன்னால் இடது சக்கரத்துக்கு வந்தேன். நிப்பிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன், அசையவில்லை. இன்னும் அழுத்தினால் முறிந்துவிடும். முறிந்தால் நாளைக்குப் பந்தயமே இல்லை. மேஸ்திரி அண்ணனைக் கேட்டிருக்கலாம். அவர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் மத்தியானம்தான் அவரிடம், "ஹைட்ராலிக் பிரேக்கெல்லாம் போன செமஸ்டர்லயே முடிச்சுட்டோம்ணா" என்று அளந்திருந்தேன். விடுதி கேட் பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் வேறு.

அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டு வலது சக்கரத்துக்குப் போனேன். டேங்கில் புது ஆயிலை நிரப்பினேன். மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி இருந்தது. 'அப்புறம் என்ன?' என்று அட்டையில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து! எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத தலைமுறையின் கையெழுத்து!

ஞாயிறு காலை. ஆறு கார்களும் வரிசையில் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பச்சைக் கொடி விழுந்தது. முதல் சுற்றில் ஐயா மூன்றாவது. இரண்டாவது சுற்றில் ஹெரால்டைத் தாண்டி இரண்டாவது. நேர் பாதையில் மணிக்கு 100 கி.மீ.யைத் தொட்டு, வளைவுக்கு முன்னால் 40-க்குக் குறைப்பார். நாங்கள் விசில் அடித்தோம்.

மூன்றாவது சுற்று. நேர் பாதை முடிகிற இடம். கார் வேகம் குறையவே இல்லை.

வளைவில் திரும்பாமல் நேராக மண்ணுக்குள் இறங்கியது. எஞ்சின் அலறுகிற சத்தம் கேட்டது. ஐயா மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்குப் போட்டிருக்கிறார். பிறகு ஹேண்ட் பிரேக். புழுதிக்குள் கார் தெரியவே இல்லை. புழுதி அடங்கியபோது அடுக்கி வைத்திருந்த டயருக்கு ஒரு கார் நீளம் முன்னால் நின்றிருந்தது. ஐயா தானே கதவைத் திறந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கை மட்டும் லேசாக நடுங்கியது. "பெடல் தரையத் தொட்டுருச்சு" என்றார்.

அரை மணி நேரம் கழித்து மேஸ்திரி அண்ணன் மிதித்துப் பார்த்தார். பெடல் பழையபடி கல் மாதிரி! எங்கும் லீக் இல்லை. எல்லோரும் குழம்பிப் போனார்கள்.

எனக்கு மட்டும் குழப்பமே இல்லை.

பிரேக் ஆயிலுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. 'டாட் 3' வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். சுமார் 900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ.யில் போனால் இயக்க ஆற்றல் சுமார் 87 கிலோஜூல். 100 கி.மீ.யில் போனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, சுமார் 347 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. பிரேக் பிடித்தால் அதில் பெரும் பங்கு டிரம்முக்குள்தான் போகும். அதிலும் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் சக்கரத்துக்கே வேலை அதிகம். நான் விட்ட இடது முன் சக்கரத்தில், நான்கு வருடத்துக்கும் மேலான பழைய ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போகும். அந்தக் காலத்துக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட் என்பதால் ஓரிடத்தில் ஆவி இருந்தாலும் மொத்தமும் போச்சு. ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகும், பெடல் கல்லாகும். இதற்கு 'வேப்பர் லாக்' என்று பெயர். உள்தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது மார்க்!

அந்தக் கூட்டத்தில் விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி அண்ணன் அட்டையைப் பார்த்தார். பன்னிரண்டாவது வரியில் என் டிக். பிறகு ஹெல்ப்பர் பக்கம் திரும்பினார். "ஷூ அட்ஜஸ்ட் பண்ணுனது நீதானேடா? லூசா வுட்டுட்டியா? ஒரு உசுரு போயிருக்குமேடா!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்தான். அவ்வளவுதான். நான் தயிர் சாதத் தட்டைப் பார்த்தேன்.

அன்று இரவு அப்பா போன் செய்தார். தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய்க்கு மேலே டீ குடிக்க நிறுத்தியிருந்தாராம். பந்தயம் எப்படி என்று கேட்டார். "பிரேக் புடிக்கலை, நல்லவேளை ஒன்னும் ஆகலை" என்று மட்டும் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நானும் இப்ப எறங்கப் போறேன் கண்ணு. இந்த எறக்கத்துல எத்தனையோ வண்டி போயிருக்குது. மேல நிக்கறப்ப சாமியக் கும்புடுவேன். அப்பறம் கிளீனரப் பாத்து, 'எல்லாம் பாத்துட்டயா'ம்பேன். 'பாத்துட்டேன்'ம்பான். இருட்டுல நான் மறுக்காவும் எறங்கிப் பாக்க முடியுமா? அவன் வார்த்தைய நம்பித்தான் காலை எடுக்கறேன்."

அவருக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. இருந்தாலும் போனைப் பிடித்திருந்த என் கை வியர்த்துவிட்டது. அவர் சேலம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை நான் தூங்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பட்டறைக்கு ஓடினேன். ஐயாவும் அங்கேதான் இருந்தார். "மூணு சக்கரத்துக்குத்தாண்ணா ஏர் எடுத்தேன். நாலுன்னு டிக் போட்டுட்டேன்" என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். மேஸ்திரி அண்ணன் அடிக்கவில்லை. "கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" என்று கேட்டார். அது அடியைவிட வலித்தது. பிறகு அவரே ஹெல்ப்பரிடம் போய் அவன் தோளில் கை வைத்தார். ஐயா பேசவே இல்லை. ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நிப்பிளில் டீசல் விட்டு ஊற வைத்தேன். சின்னச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி டீசல், மறுபடி தட்டல். கடைசியில் ஒரு 'கிரீச்' சத்தத்தோடு திரும்பியது. பாட்டிலில் விழுந்த ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் மறுபடி ஓட்டறோம். பன்னண்டாவது வேலை உன்னோடதுதான்" என்றார்.

ஹெல்ப்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீதானே பெடல் மிதிச்ச, மூணுதான்னு உனக்குத் தெரியுமே. ஏன்டா சொல்லலை?" என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான்.

இன்றுவரை இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த மாதப் பந்தயத்தில் ஐயா நான்காவதாகத்தான் வந்தார். ஐந்து சுற்றும் நான் விசில் அடிக்கவில்லை, வளைவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் கார் வேகம் குறைந்து திரும்பியபோதுதான் மூச்சு வந்தது.

நண்பர்களே, ரேஸ் கார் வேண்டாம். வீட்டில் ஒரு பழைய கார் இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து ஆயில் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் பாருங்கள், சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். டயர் காற்றை ஸ்டெப்னி உட்படப் பாருங்கள். வண்டி நின்ற தரையைக் குனிந்து பாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். இதில் பாதியை என் அப்பா எந்தப் புத்தகமும் இல்லாமல் தினமும் செய்கிறார். இப்போது லீவில் நான் திண்ணையில் உட்காருவதில்லை, அவர் பின்னாலேயே சுற்றுகிறேன்.

கடைசியாக ஒன்று. நம் ரெக்கார்டு நோட்டில் சீனியரின் ரீடிங்கைக் காப்பியடித்து, செய்யாத சோதனைக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுகிறோமே, அதை நானும் செய்தவன்தான். லேப்பில் அந்தப் பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நாளைக்கு வேலைக்குப் போய் நாம் போடப்போகும் டிக்கை நம்பி யாரோ ஒருவர் இருட்டில் கணவாய் இறங்குவார்.

அவர் என் அப்பாவாகவும் இருக்கலாம். உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.



— மூன்றாமாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு